சாகக் கிடக்கும் ஹார்டு டிஸ்க்கை ரிப்பேர் செய்யாதீர்கள், முதலில் காப்பி எடுங்கள்

ஹார்டு டிஸ்க்கில் கோளாறு என்று தேடினால் கிடைக்கும் ஆலோசனைகள் பெரும்பாலும் டிரைவை எப்படிச் சரி செய்வது என்றுதான் ஆரம்பிக்கின்றன. எரர் செக் ஓட்டு, பேட் செக்டரை (டேட்டா எழுதப்படும் சின்னச் சின்னக் கட்டங்களில் கெட்டுப்போனதை) நீக்கு, டிஃப்ராக் போடு, கடைசியில் ஃபார்மட் செய். உள்ளே இருக்கும் ஃபைல்கள் உங்களுக்கு முக்கியம் என்றால் இந்த வரிசையே தப்பு. டிரைவைச் சரி செய்வது ஒரு வேலை, அதில் இருப்பதை வெளியே எடுப்பது வேறு வேலை. முதல் வேலையில் கை வைத்தால் இரண்டாவது வேலை பல நேரம் நடக்காமலே போய்விடும். இந்த ஒரு விஷயத்தை முன்பே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் எத்தனையோ ராத்திரிகளின் தூக்கமும், கூடவே திரும்பக் கிடைக்காமல் போன சில பதிவுகளும் மிஞ்சியிருக்கும். அதனால் நடந்ததை வரிசையாகவே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு டெஸ்க்டாப்பில் விண்டோஸ் ஒரு சின்ன எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவில்) இருக்கிறது. மற்ற எல்லாமே 2 டிபி ஹார்டு டிஸ்க்கில், டி டிரைவாக. பிள்ளைகள் பிறந்ததிலிருந்து எடுத்த போட்டோக்கள், வீடியோக்கள், என் வேலை சம்பந்தப்பட்ட கோப்புகள், அப்புறம் அப்பா தன் கடைசிக் காலத்தில் சின்ன வயதுக் கதைகளைச் சொல்லச் சொல்ல நான் போனில் பதிவு செய்து வைத்திருந்த ஆடியோக்கள். ஒரு எக்ஸ்டர்னல் டிரைவில் பேக்கப் இருந்தது, ஆனால் அது அப்பாவின் பதிவுகளுக்கு முந்தையது. அதுவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷின் திடீரென்று சில நேரம் மட்டும் உறைந்து நிற்க ஆரம்பித்தது. எல்லா நேரமும் இல்லை. சில ஃபோல்டர்களைத் திறக்கும்போது மட்டும் மேலே பச்சைப் பட்டை ஊர்ந்துகொண்டே இருக்கும், சின்னப் படங்கள் ஒவ்வொன்றாக வரும், நடுவில் ஒரு படம் வரவே வராது. பிறகு தானாகச் சரியாகிவிடும். இப்படி விட்டு விட்டு வருவதுதான் இதில் ஆபத்தே, ஏனென்றால் யாருக்கும் முதலில் வைரஸ், விண்டோஸ் அப்டேட், ராம் போதவில்லை என்றுதான் தோன்றும்.

இதைப் பிரித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் அந்த டிஸ்க்கைக் கிளிக் செய்து, மெஷின் உறையும் அந்த நேரத்தில் கவனியுங்கள். டிஸ்க் 100 சதவீதம் பிஸி என்று காட்டும்போது படிக்கும் வேகம் நொடிக்குப் பத்து, இருபது, நூறு எம்பி என்று ஓடினால் ஏதோ ஒரு புரோகிராம் நிஜமாகவே வேலை வாங்குகிறது என்று அர்த்தம். விண்டோஸே ஹார்டு டிஸ்க்கில் இருக்கிற பழைய மெஷின்களில் வேகம் இதைவிடக் குறைவாக, ஒன்றிரண்டு எம்பியாகத் துள்ளிக்கொண்டிருந்தாலும் அது சாதாரணம். எனக்கு வந்தது அப்படி இல்லை. 100 சதவீதம் என்று வரைபடம் மேலே தட்டையாக நிற்கிறது, கீழே வேகம் பூஜ்யம். பல நொடிகள் பூஜ்யம், பிறகு கொஞ்சம் கேபி, மறுபடி பூஜ்யம். அந்த நேரத்தில் காதைக் கேபினெட் பக்கம் கொண்டுபோனால் ஒரே தாளத்தில் மெல்லிய டிக், டிக் சத்தம். டிஸ்க் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயல்கிறது, முடியவில்லை என்பதன் அடையாளம் அது. வீட்டு உபயோக டிரைவ்கள் ஒரு கெட்ட செக்டரில் மாட்டினால் சட்டென்று விட்டுக்கொடுக்காது, பல நொடிகள் விடாமல் முயன்று பார்த்துக்கொண்டே இருக்கும். அதுவரை விண்டோஸ் பதிலுக்குக் காத்து நிற்கும். மெஷின் உறைவதாக நமக்குத் தெரிவது இந்தக் காத்திருப்புதான்.

அடுத்துப் பார்த்தது ஈவென்ட் வியூவர். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்தாலே வரும். விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் என்று போய், சோர்ஸ் என்ற இடத்தில் டிஸ்க் என்று இருக்கும் வரிகளை மட்டும் பாருங்கள். எண் 7 வந்தால் பேட் பிளாக் இருப்பதாக டிரைவே சொல்லியிருக்கிறது. எண் 153 வந்தால் ஒரு முறை கேட்டுக் கிடைக்காமல் விண்டோஸ் மறுபடி கேட்டிருக்கிறது. எனக்கு இரண்டும் கலந்து பக்கம் பக்கமாக இருந்தன, அதுவும் முதல் வரி நான் எதையும் கவனிப்பதற்கு ரொம்ப முன்னாலேயே பதிவாகியிருந்தது. விண்டோஸ் இதை எங்கோ மூலையில் எழுதி வைத்துக்கொண்டு நம்மிடம் வாய் திறக்காமல் இருந்தது என்று பார்த்தபோது வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

அப்புறம் ஸ்மார்ட். ஒவ்வொரு டிரைவும் தன் உடல்நிலையைத் தானே எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்பேடு என்று அதைச் சொல்லலாம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதை அப்படியே காட்டும், லினக்ஸில் ஸ்மார்ட்மான்டூல்ஸ். பட்டியலில் நிறைய வரிகள் இருக்கும், எல்லாவற்றையும் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஹார்டு டிஸ்க்குக்கு நாலே நாலு போதும். 05 என்பது இதுவரை கெட்டுப்போய் உதிரி இடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் செக்டர்கள். சி6 படித்துத் திருத்தவே முடியாதவை. சி7 என்பது கேபிளில் போகும் வழியில் டேட்டா சிதைந்ததற்கான கணக்கு. வலது ஓரத்தில் உள்ள ரா வேல்யூ என்ற எண்ணைத்தான் பார்க்க வேண்டும், அதுவும் இந்த மென்பொருள் வழக்கமாகப் பதினாறின் அடிமான எண்ணாகக் காட்டும், செட்டிங்கில் பத்தின் அடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். எனக்கு மேலே மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை, 05 இல் கொஞ்சம், சி5 இல் நூற்றுக்கணக்கில், சி7 இல் பூஜ்யம். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சி5 ஏறியிருந்தது. எண் எவ்வளவு என்பதைவிட அது நகர்கிறதா என்பதுதான் முக்கியம்.

இதில் சி5 ஐக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பலருக்கு நஷ்டம் ஆரம்பிக்கிறது. காத்திருக்கும் செக்டரில் உங்கள் டேட்டா இன்னும் இருக்கலாம், நாலாவது, பத்தாவது முயற்சியில் படிக்கக் கிடைக்கவும் கிடைக்கலாம். அதே இடத்தில் புதிதாக எதையாவது எழுதினால் டிரைவ் அந்தச் செக்டரைச் சோதித்து, நன்றாக இருந்தால் திரும்பச் சேர்த்துக்கொள்ளும், இல்லையென்றால் உதிரி செக்டரை அந்த இடத்துக்கு மாற்றிவிட்டு 05 இன் கணக்கைக் கூட்டும். இரண்டில் எது நடந்தாலும் சி5 குறையும், டிரைவ் குணமானது போல் தெரியும், பழைய டேட்டா மட்டும் போயிருக்கும். பேட் செக்டர் ரிப்பேர் என்று சொல்லிக்கொள்ளும் பல மென்பொருள்கள் செய்வது இதைத்தான்.

ஸ்மார்ட் எல்லாம் சரி என்று பச்சையில் காட்டினால் நிம்மதியாக இருக்கலாமா என்றால், அதுவும் இல்லை. கூகுள் தன் டேட்டா சென்டர்களில் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிரைவ்களைக் கவனித்து 2007 இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. டிரைவ் பின்னணியில் தன் தட்டைத் தானே சோதிக்கும்போது வரும் பிழைக்கு ஸ்கேன் எரர் என்று பெயர். முதல் ஸ்கேன் எரர் வந்த டிரைவ், அடுத்த 60 நாட்களுக்குள் செத்துப்போகும் வாய்ப்பு எரர் வராத டிரைவைவிட 39 மடங்கு அதிகம் என்று அதில் இருக்கிறது. அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் உண்டு. செத்துப்போன டிரைவ்களில் 36 சதவீதத்துக்கும் மேல், வெப்பநிலையைத் தவிர எந்த ஸ்மார்ட் எச்சரிக்கையும் கொடுக்காமலே போயின. ஆக மஞ்சள் வந்தால் நம்புங்கள், பச்சையை அவ்வளவு நம்பாதீர்கள்.

சி7 மட்டும் ஏறி மற்ற மூன்றும் பூஜ்யமாக இருந்தால் நீங்கள் பயப்பட வேண்டியதில்லை, பெரும்பாலும் டிரைவை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான். மெஷினை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, கேபிளை மாற்றி, மதர்போர்டில் வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். சி7 பழைய எண்ணிலிருந்து குறையாது, மேலே ஏறாமல் நின்றால் பிரச்சினை தீர்ந்தது. அதேபோல் டிரைவ் மொத்தமாகக் காணோம் என்றால் முதலில் பயாஸில் (விண்டோஸ் துவங்குவதற்கு முன் வரும் செட்டிங் திரையில்) அதன் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். அங்கேயே இல்லையென்றால் கேபிள், பவர் கனெக்டர், போர்ட் என்று வரிசையாக மாற்றிப் பார்க்கலாம். பயாஸில் இருந்து விண்டோஸில் மட்டும் இல்லையென்றால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டுக்குப் போங்கள். டிரைவ் எழுத்து மட்டும் விடுபட்டிருந்தால் அங்கேயே கொடுத்துவிடலாம். ஆனால் டேட்டா இருந்த டிரைவைப் பார்த்து அது இனிஷியலைஸ் செய்யவா என்று கேட்டால் கேன்சல் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள். அந்தக் கேள்வி புது டிரைவுக்கானது.

இந்த நிலையில்தான் நான் சர்வீஸுக்கு ஆள் கூப்பிட்டேன். வீட்டுக்கு வந்தவரிடம் எண்களைக் காட்டினேன், சத்தத்தையும் சொன்னேன். இதெல்லாம் சாதாரணம், விண்டோஸின் எரர் செக் கருவியான செக் டிஸ்க்கை முழு ஸ்கேனோடு ஒரு ராத்திரி ஓட விட்டால் பேட் செக்டரை ஒதுக்கிவிடும், அப்புறம் வருஷக்கணக்கில் ஓடும் என்றார். இதையே தொழிலாகச் செய்பவர், அவ்வளவு உறுதியாகச் சொல்கிறார். காப்பி எடுத்துவிட்டுச் செய்யலாமா என்று கேட்டதற்கு, இப்போது காப்பி போட்டால் பாதியில் நின்றுவிடும், முதலில் இதைச் சரி செய்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்றார். ஓட விட்டுவிட்டுப் போனார். காலையில் பார்த்தபோது சதவீதம் ஒரே இடத்தில் நின்றிருந்தது, டிக் டிக் சத்தம் இப்போது உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டது. எப்படியோ முடிந்து திறந்தபோது இரண்டு வருடத்துப் போட்டோ ஃபோல்டர்கள் இருந்த இடத்தில் இல்லை. பதிலுக்கு ஃபவுண்ட் என்று ஒரு மறைவான ஃபோல்டர், அதற்குள் பெயரெல்லாம் போய் வெறும் எண்களோடு, கடைசியில் சிஎச்கே என்று முடியும் ஃபைல்கள். அவருக்கு போன் செய்தால், டிரைவ் ஏற்கெனவே போயிருந்தது, நான் என்ன செய்ய முடியும் என்றார். வந்ததற்கான கூலியை முழுசாகக் கொடுத்திருந்தேன். அன்று முழுக்க எனக்கு வேறு எந்த வேலையும் ஓடவில்லை.

ஏன் இப்படி ஆனது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். செக் டிஸ்க்கின் கவலை உங்கள் ஃபைல்களைப் பற்றியது இல்லை, எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று எழுதி வைக்கும் ஃபைல் சிஸ்டத்தின் கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதுதான். கணக்கில் பொருந்தாத பதிவுகளை வெட்டிவிடும், அநாதையான துண்டுகளை எண் போட்டு ஒரு மூலையில் தள்ளிவிடும். இதையெல்லாம் அந்த நோயாளி டிரைவின் மேலேயே எழுதித்தான் செய்யும். கூடவே முழு ஸ்கேன் என்பது டிரைவின் ஒவ்வொரு செக்டரையும், காலியாக இருக்கும் இடத்தையும் சேர்த்து, படிக்கச் சொல்கிறது. ஹார்டு டிஸ்க்கில் படித்து எழுதும் முனையான ஹெட், சுழலும் தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் இடைவெளியில், நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 சுற்று வேகத்துக்கு நடுவே பறந்துகொண்டிருக்கிற பொருள். ஏற்கெனவே பழுதான ஹெட்டையோ தட்டையோ வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் இப்படி ஓட்டினால், மிச்சமிருக்கும் ஆயுளை வெற்று இடத்தைப் படிப்பதில் செலவழித்ததாகத்தான் ஆகும். நல்ல டிரைவில், கரண்ட் போய் வந்த பிறகு ஃபைல் சிஸ்டம் குழம்பியிருக்கும்போது, செக் டிஸ்க் அருமையான கருவி. சி5 ஏறிக்கொண்டிருக்கும் டிரைவில் காப்பி எடுப்பதற்கு முன் அதைத் தொடவே கூடாது.

அடுத்த முறை மெஷினைப் போட்டபோது டி டிரைவைக் கிளிக் செய்தால், இதைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யவா என்று கேட்டது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டம்) என்று இருந்த இடத்தில் ரா என்று இருந்தது. இது வந்தால் எல்லாம் அழிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஃபைல் சிஸ்டத்தின் ஆரம்பத் தகவல்கள் இருக்கும் செக்டர்களை விண்டோஸால் படிக்க முடியவில்லை, அதனால் இது என்ன வகை என்று தெரியவில்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். போட்டோக்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். அந்தக் கேள்விக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு மெஷினை அணையுங்கள். நான் அணைத்துவிட்டு டிரைவின் கேபிளையும் பிடுங்கி வைத்தேன். கரண்ட் இல்லாமல் கிடக்கும் டிரைவ் மேற்கொண்டு தேயாது, நிதானமாக யோசிக்க நேரம் கிடைக்கும்.

டேட்டா ரெக்கவரி செய்யும் நிறுவனங்களிடம் விசாரித்தேன். சொன்ன தொகையில் புது டிரைவ்கள் ஒரு டஜன் வாங்கலாம், அதுவும் உறுதி இல்லை, திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், தூசி இல்லாத அறையில் அதே மாடல் டிரைவிலிருந்து ஹெட்டை எடுத்து மாற்றும் வேலை அப்படிப்பட்டது. எப்போது அவர்களிடமே போக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போட்டவுடன் பலமாக டக் டக் என்று அடித்துவிட்டு நின்றுபோனால், உரசும் சத்தம் வந்தால், சுழலாமல் பீப் மட்டும் வந்தால், கீழே விழுந்திருந்தால், பயாஸில் கொள்ளளவே தப்பாகக் காட்டினால், வீட்டில் ஒரு முறைகூட மறுபடி கரண்ட் கொடுக்காதீர்கள். ஃப்ரீசரில் வைத்து எடு, தட்டிப் பார், மூடியைத் திறந்து ஹெட்டை நகர்த்து என்றெல்லாம் சொல்வார்கள், கேட்காதீர்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் உள்ளே ஈரம் படியும், மூடியைத் திறந்தால் தூசி படியும், இரண்டுமே தட்டைக் கீறும். அதே மாடலின் சர்க்யூட் போர்டை மாற்றிப் போடுவதும் இப்போதைய டிரைவ்களில் பெரும்பாலும் பலிக்காது, ஏனென்றால் அந்த ஒரு டிரைவுக்கே உரிய அளவீடுகள் போர்டில் உள்ள சிப்பில் இருக்கும், அதையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

என் டிரைவ் இன்னும் பயாஸில் சரியாகத் தெரிந்தது, சுழன்றது, பெரும்பாலான இடங்களைப் படித்தது. அந்தத் தொகையைக் கொடுக்க அப்போது என்னால் முடியவும் இல்லை. அதனால் டிடி ரெஸ்க்யூ வழியில் போனேன். இது லினக்ஸில் ஓடும் இலவசக் கருவி. சாதாரண காப்பிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், கெட்ட இடத்தில் மாட்டி நிற்காமல் தாண்டிப் போய், முதலில் சுலபமாகக் கிடைப்பதையெல்லாம் எடுத்துவிடும், பிறகுதான் கஷ்டமான இடங்களுக்குத் திரும்பி வரும். எது கிடைத்தது, எது பாக்கி என்பதை மேப் ஃபைல் என்று ஒன்றில் எழுதிக்கொண்டே போகும், அதனால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தி, டிரைவை ஆறவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சிஸ்டம் ரெஸ்க்யூ என்ற லினக்ஸைப் பென் டிரைவில் போட்டு அதிலிருந்து மெஷினைத் துவக்கினால் இந்தக் கருவி அதில் தயாராகவே இருக்கும். உபுண்டுவில் போடுவதாக இருந்தால் பேக்கேஜின் பெயருக்கு முன்னால் ஒரு ஜி இருக்கும், நடுவில் கோடு போட்ட இன்னொரு பெயரும் கண்ணில் படும், அது வேறு மென்பொருள்.

இதற்கு முன்னால் செய்ய வேண்டியவை சில, எனக்கு இவை எதையும் ஒரே இடத்தில் யாரும் எழுதித் தரவில்லை. பழுதான டிரைவைவிடப் பெரிய டிரைவ் ஒன்று வேண்டும், நான் 4 டிபி வாங்கினேன். அது ஃபேட் 32 என்ற பழைய ஃபைல் சிஸ்டத்தில் இருக்கக் கூடாது, அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது, நம்முடைய இமேஜ் ஃபைலோ (டிரைவ் முழுவதையும் அப்படியே நகலெடுத்து வைக்கும் ஒரே ஃபைல்) டிரைவ் அளவுக்கு இருக்கும். பழுதான டிரைவை யுஎஸ்பி டாக்கில் வைக்காமல் நேராக மதர்போர்டில் செருகுங்கள், யுஎஸ்பி வழியாக வந்தால் கெட்ட செக்டரில் மாட்டும்போது இணைப்பே அறுந்து போகலாம். மேப் ஃபைலைப் புது டிரைவிலேயே சேமியுங்கள். பென் டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸில் நாம் சேமிப்பது வழக்கமாக ராமில்தான் இருக்கும், கரண்ட் போனால் அதுவும் போகும், அத்தனை மணி நேர உழைப்பும் போகும். எல்லாவற்றையும்விட முக்கியம், எது மூலம், எது இலக்கு என்பதை டிரைவின் அளவையும் சீரியல் எண்ணையும் ஸ்டிக்கரில் உள்ளதோடு ஒப்பிட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, கட்டளையைத் தட்டிய பிறகு என்டர் அடிக்கும் முன் சத்தமாக வாசித்துப் பாருங்கள். இடம் மாறினால் நோயாளி டிரைவின் மேலேயே எழுத ஆரம்பித்துவிடும்.

முதல் சுற்றைக் கஷ்டமான இடங்களைச் சுரண்டாமல் ஓடவிடும் ஆப்ஷனோடு ஆரம்பித்தேன். திரையில் எண்கள் ஓடத் தொடங்கியபோது நொடிக்கு நூறு எம்பிக்கு மேல் போயிற்று, கை நடுக்கம் கொஞ்சம் நின்றது. பாதிக்கு மேல் போனதும் வேகம் சரிந்து, மறுபடி ஏறி, மறுபடி சரிந்தது. டிரைவின் பெரும்பகுதி ஒரு பகலுக்குள் வந்துவிட்டது, மிச்சமிருந்த சின்னப் பகுதிக்குத்தான் அத்தனை ராத்திரிகளும் போயின. இது எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும், அதனால் முதல் சுற்று முடிந்ததும் கொஞ்சம் நிறுத்தி, இதுவரை வந்ததில் நமக்கு வேண்டியது இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் மீதியை விட்டுவிடலாம். எனக்கு அப்பாவின் பதிவுகள் சில வரவில்லை, அதனால் தொடர்ந்தேன். கேபினெட்டைத் திறந்து ஒரு மேஜை ஃபேனை டிரைவ் பக்கம் திருப்பி வைத்தேன், வீட்டில் யாரும் மேஜையில் இடிக்கக் கூடாது என்று சொல்லி வைத்தேன். ஒவ்வொரு முறை மீட்டெடுத்த அளவு ஒரு சில கேபி கூடும்போதும் அது என்ன ஃபைலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. கடைசியில் அந்த எண் நகராமல் நின்றபோது நிறுத்தினேன்.

இமேஜ் கிடைத்த பிறகு பழுதான டிரைவைக் கழற்றிவிட்டேன், இனி எல்லாச் சோதனையும் இமேஜில்தான். இடம் இருந்தால் இமேஜையே இன்னொரு காப்பி எடுத்துக்கொண்டு அதில் வேலை செய்யுங்கள். முதலில் டெஸ்ட் டிஸ்க் என்ற மீட்புக் கருவியில் திறந்தேன். பார்ட்டிஷனைக் கண்டுபிடித்து, பெயர்களோடு ஃபோல்டர்களைக் காட்டியது, அங்கிருந்தே வேறு இடத்துக்கு காப்பி எடுக்க முடிந்தது. செக் டிஸ்க் வெட்டியெறிந்த ஃபோல்டர்கள் இதில் வரவில்லை, அவற்றுக்கு அதே தொகுப்பில் வரும் ஃபோட்டோரெக். இது ஃபைல் சிஸ்டத்தைப் பார்க்காமல், ஒவ்வொரு வகை ஃபைலும் எப்படி ஆரம்பிக்கும் என்ற அடையாளத்தை வைத்துத் தேடுகிறது. அதனால் படம் கிடைக்கும், பெயரும் ஃபோல்டரும் கிடைக்காது. பிரவுசர் சேமித்த சின்னச் சின்ன ஐகான்கள்கூட ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும், அளவை வைத்து வரிசைப்படுத்திச் சின்னவற்றை முதலில் ஒதுக்குங்கள். கேமராவும் போனும் படத்துக்குள்ளேயே எடுத்த தேதியை எழுதி வைக்கும் என்பதால் அந்தத் தேதியை வைத்துப் பிரிக்கலாம். மாலை நேரங்கள் முழுக்க இதற்கே போயின. போட்டோக்கள் கிட்டத்தட்ட எல்லாம் வந்தன. வீடியோக்களில் பல பாதியில் நிற்கின்றன, பெரிய ஃபைல்கள் டிரைவில் துண்டு துண்டாகக் கிடந்தால் இந்த முறையில் ஒட்டாது. அப்பாவின் பதிவுகளில் பெரும்பாலானவை முழுசாகக் கிடைத்தன. அவர் முதன்முதலில் வேலைக்குப் போன கதை மட்டும் எந்தக் கருவியிலும் திறக்கவில்லை. அதை இப்போது நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். எஸ்எஸ்டி சத்தம் போடாது, பல நேரம் மெதுவாகக்கூட ஆகாது, ஒரு நாள் பயாஸில் இருந்தே காணாமல் போகும். சில டிரைவ்கள் எழுத விடாமல் படிக்க மட்டும் விடும் நிலைக்குப் போகும், அப்படி ஆனால் அதிர்ஷ்டம், உடனே எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். தவறி அழித்த ஃபைலை எஸ்எஸ்டியிலிருந்து மீட்பதும் அநேகமாக நடக்காது, ட்ரிம் என்ற வசதி அழித்த இடங்களை டிரைவுக்குச் சொல்லிவிடும், அது பின்னணியில் துடைத்துவிடும். இன்னொன்று, புதிய விண்டோஸ் 11 மெஷின்கள் பலவற்றில் டிரைவ் தானாகவே என்கிரிப்ட் (கீ இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டு) ஆகியிருக்கும். டிரைவைக் கழற்றி வேறு மெஷினில் போட்டால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். மெஷின் நன்றாக ஓடும்போதே அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்து தாளில் எழுதி வைத்துவிடுங்கள். மெஷின் படுத்த பிறகு, அந்தக் கீ எங்கும் கிடைக்காவிட்டால், எந்த நிபுணராலும் ஒன்றும் செய்ய முடியாது.

எக்ஸ்டர்னல் டிரைவ் என்றால் டிரைவைச் சந்தேகிப்பதற்கு முன் கேபிளையும் போர்ட்டையும் மாற்றுங்கள். ஹப்பிலோ கேபினெட்டின் முன்பக்கத்திலோ செருகியிருந்தால் பின்பக்கம் மதர்போர்டிலேயே உள்ள போர்ட்டுக்கு மாற்றுங்கள், பவர் போதாமல் சுழன்று சுழன்று நிற்பது சர்வ சாதாரணம். ஆனால் உறையை உடைத்து உள்ளே இருப்பதைச் சாட்டாவில் செருகலாம் என்று நினைத்தால் கவனம். சில மாடல்களில் யுஎஸ்பி இணைப்பு டிரைவின் போர்டிலேயே இருக்கும், சாட்டா இணைப்பே இருக்காது. சிலவற்றில் உறைக்குள் இருக்கும் சிப் டேட்டாவை என்கிரிப்ட் செய்து வைத்திருக்கும், அந்தச் சிப் இல்லாமல் படிக்க முடியாது.

இப்போது எங்கள் வீட்டில் எல்லாம் மூன்று இடங்களில் இருக்கிறது. பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர் பரவலாக்கிய 3-2-1 முறைதான், மூன்று காப்பி, இரண்டு விதமான சாதனங்கள், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. மெஷினில் ஒன்று, எக்ஸ்டர்னல் டிரைவில் ஒன்று, கிளவுடில் ஒன்று. எக்ஸ்டர்னல் டிரைவை பேக்கப் முடிந்ததும் கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறேன், எப்போதும் செருகியே இருந்தால் ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) வந்தாலும் மின்னல் பாய்ந்தாலும் இரண்டும் சேர்ந்தே போகும். கிளவுடில் வெறும் சிங்க் மட்டும் வைத்திருந்தால் அதை பேக்கப் என்று நம்பாதீர்கள், மெஷினில் ஒரு ஃபோல்டர் அழிந்தால் அங்கேயும் அழியும், குப்பைத்தொட்டியில் சில காலம் மட்டும் இருக்கும். பழைய பதிப்புகளை வைத்திருக்கும் சேவையா என்று பாருங்கள்.

வாரண்டி பற்றிக் கேட்பார்கள். என் டிரைவுக்கு வாரண்டி பாக்கி இருந்தது, புது டிரைவ் கிடைத்திருக்கும். வாரண்டி என்பது டிரைவுக்குத்தான், உள்ளே இருந்ததற்கு இல்லை, அதோடு பழைய டிரைவை அப்படியே அனுப்பிவிட வேண்டும். பாதி செத்த டிரைவை முழுசாக அழிக்கவும் முடியாது, குடும்பப் படங்களும் கணக்கு விவரங்களும் அதில் இருந்தன, அதனால் அனுப்பவில்லை, அந்தப் பணமும் போனதாகவே வைத்துக்கொண்டேன். உங்கள் டிரைவ் புதிதாக இருக்கும்போதே என்கிரிப்ஷன் போட்டு, கீயைப் பத்திரமாக வைத்திருந்தால் இந்தத் தயக்கமே வராது, தாராளமாக அனுப்பலாம். பதிலுக்கு வரும் டிரைவ் பல நேரம் பழுது நீக்கியதாக இருக்கும், அதனால் அதில் எதையும் வைப்பதற்கு முன், ஏன், புதிதாக வாங்கிய டிரைவிலும்கூட, ஸ்மார்ட்டின் நீண்ட சோதனையை ஓட விடுங்கள். பெரிய டிரைவுக்குப் பல மணி நேரம் ஆகும். முடிந்ததும் 05, சி5, சி6 மூன்றும் பூஜ்யமாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிலாவது எண் இருந்தால் மாற்றிக் கேட்க அதுதான் நேரம், உள்ளே இன்னும் எதுவும் இல்லை.